சாப்பாடு கொண்டு வருபவருக்கு எவ்வளவு ரிப்ஸ் கொடுப்பது? திருகோணமலைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு வருடங்கள் திருகோணமலையில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு ஓடர் போடுவது பெரும்பாலும் என் பொறுப்பு. கேற்றுக்கு வெளியிலும் நின்றிருக்கிறேன், உள்ளேயும் நிற்கிறேன். ரிப்ஸ் கொடுக்க மனமில்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எவ்வளவு என்று தெரியாமல், கையில் பொருத்தமான தாளும் இல்லாமல் தடுமாறி, கடைசியில் ஒன்றும் கொடுக்காமல் கேற்றைச் சாத்துகிறவர்களைத்தான் நிறையப் பார்த்தேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பாதி வேலை ஓடர் போடுவதற்கு முன்பே முடிய வேண்டியது.

1. கொண்டு வருபவர் யார் என்று முதலில் பாருங்கள்

நம் ஊரில் மூன்று வழியாகச் சாப்பாடு வீட்டுக்கு வருகிறது. செயலியில் ஓடர் போட்டால் வருபவர் சொந்த வண்டியில், சொந்தப் பெற்றோலில் வருகிறார். ஓட்டத்துக்கு இவ்வளவு என்பதுதான் அவர் வருமானம். ஓட்டம் கிடைக்காமல் மர நிழலில் நிற்கிற நேரத்துக்கு ஒன்றும் இல்லை.

கடைக்குப் போன் எடுத்துச் சொன்னால் வருகிற தம்பி பெரும்பாலும் கடையிலேயே வேலை செய்பவர். வண்டியும் பெற்றோலும் கடையுடையதாக இருக்கும். மூன்றாவது, தெரிந்த ஓட்டோக்கார அண்ணாவிடம் "வரேக்க ரெண்டு கொத்து வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிடுவது.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் பெற்றோல். செயலியில் வருபவருக்குக் கொடுக்கிற ரிப்ஸில் ஒரு பங்கு வண்டி குடித்துவிடும். கடைத் தம்பிக்குக் கொடுப்பது அப்படியே அவர் பைக்குள் போகும். ஓட்டோ அண்ணாவிடம் வாடகை பேசித்தான் கூப்பிடுகிறோம். ஆனால் சாப்பாட்டுக் காசை அவர்தான் கடையில் கட்டியிருப்பார். அதை முதலில் ரூபாய் குறையாமல் கொடுத்துவிட்டு, கடையில் காத்து நின்ற நேரத்துக்குத் தனியாக 50, 100 கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "சரிதானே அண்ணா" என்று நீட்டினால், அவர் சரி என்றுதான் சொல்வார். குறைந்திருந்தாலும் அதையே சொல்வார்.

இங்கே வருகிற முதல் பிழை, "டெலிவரிக் கட்டணம் பில்லிலேயே இருக்கிறதே" என்று விட்டுவிடுவது. நீங்கள் கட்டுகிற கட்டணமும் ஓட்டுபவர் கைக்குப் போகிற தொகையும் ஒன்றல்ல. சில கடைகளின் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று இருக்கும். அது மேசையில் பரிமாறுகிற சேவைக்கானது. வாசலில் ஹெல்மெட்டோடு நிற்பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2. தாள்களை எடுத்து வைத்துவிட்டு ஓடர் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மற்ற எல்லாவற்றிலும் தடுமாறுகிறார்கள்.

ஒருநாள் இரவு உவர்மலையில் ஒரு வீட்டுக்கு 1,150 ரூபாய் சாப்பாடு கொண்டு போனேன். அந்த அக்கா 5,000 ரூபாய்த் தாளை நீட்டினார். என்னிடம் மிச்சக் காசு இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்து மூன்று கடைகளில் கேட்டு, மூன்றாவது கடையில் சோடா வாங்கித்தான் தாளை மாற்ற முடிந்தது. திரும்ப ஏறிப் போய்க் கொடுத்தபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அதற்குள் வந்திருக்க வேண்டிய அடுத்த ஓட்டம் இன்னொருவருக்குப் போய்விட்டது. அக்காவுக்கு மனவருத்தம், இருந்த 20 ரூபாயைத் தந்து மன்னிக்கச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஓடர் போடும் முன் கைப்பையைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அதனால் வீட்டில் ஒரு சின்ன டப்பா வையுங்கள். 50 ரூபாய்த் தாள் ஐந்து, 100 ரூபாய்த் தாள் ஐந்து போதும். பலசரக்குக் கடையில் மிச்சக் காசாக வருகிற தாள்களை அன்றைக்கே அதற்குள் போட்டு வந்தால் டப்பா தானாக நிரம்பிக்கொண்டிருக்கும். கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அலுமாரிக்குள் வைத்தால் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்திருப்பார்.

பெரிய தாள் மட்டும்தான் இருக்கிறதா? அதை ஓடர் போடும்போதே சொல்லிவிடுங்கள். செயலியில் குறிப்பு எழுத இடம் இருக்கும். கடை என்றால் போனிலேயே சொல்லலாம். "ஐயாயிரம்தான் இருக்கு, மிச்சக் காசு கொண்டு வாங்கோ" என்று சொன்னால் புறப்படும்போதே கடையில் வாங்கிக்கொண்டு வருவார்.

3. வீட்டை ஒழுங்காகக் காட்டுங்கள்

ரிப்ஸ் பற்றிச் சொல்கிற இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். நீங்கள் 100 ரூபாய் கொடுத்து, அவர் வீடு தேடி இருபது நிமிடம் அலைந்திருந்தால் அந்த 100 ரூபாய்க்கு அர்த்தம் இல்லை. அந்த நேரத்தில் அவர் இன்னொரு ஓட்டம் முடித்திருப்பார்.

செயலியில் லொக்கேஷன் புள்ளி தானாக விழுகிற இடத்தை நம்ப வேண்டாம். வீட்டின் நடுவில் விழுந்த புள்ளி, பின்பக்க ஒழுங்கை வழியாகக் கூட்டிக்கொண்டு போய் மதிலுக்கு முன்னால் நிறுத்திவிடும். புள்ளியை விரலால் இழுத்து உங்கள் கேற்றில் வையுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வரைபடத்தில் பாதை போலத் தெரிகிற சில ஒழுங்கைகள் உள்ளே போகப் போக வெறும் மணல். பின்சக்கரம் புதைந்தால் சாப்பாட்டுப் பெட்டியோடு தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

வீட்டு இலக்கத்தோடு ஒரு அடையாளமும் எழுதுங்கள். "பச்சைக் கேற், எதிரில் வேப்பமரம்" போதும். "கோவிலடி" என்று மட்டும் எழுதாதீர்கள். நம் ஊரில் எந்தக் கோவிலடி என்று கேட்க வேண்டி வரும்.

4. தொகையைக் கணக்கிடுங்கள்: பெற்றோலும் ஐம்பதும்

பில்லில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட வேண்டாம். 900 ரூபாய் கொத்துக்கும் 6,000 ரூபாய் பிரியாணிச் சட்டிக்கும் உவர்மலை ஏற்றம் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். பாதையையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான். கடையிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போக, வர எவ்வளவு பெற்றோல் ஆகுமோ அந்தக் காசு. அதற்கு மேல் 50 ரூபாய். கையில் இருக்கிற தாளுக்குத் தக்க மாதிரி மேலேயோ கீழேயோ சரிசெய்துகொள்ளலாம்.

போகும் வழிக்கு ஓட்டக் காசு கிடைக்கிறதே, பிறகு எதற்குப் போக, வர இரண்டும்? நான் ஓடியபோது சாப்பாடு எடுக்கக் கடைக்குப் போன தூரமும், கொடுத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிய தூரமும் என் செலவாகத்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு போக்குவரத்து ஆகிவிடும். 50 ரூபாய் ஒரு பிளேன்டீக்கு. அதற்குக் கீழே கொடுத்தால் வாங்குபவருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

பெற்றோலைக் கணக்கிடுவது எளிது. சாதாரண மோட்டார் சைக்கிள் ஒரு லீற்றரில் 45 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். ஒரு லீற்றர் 300 ரூபாய் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு 7 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. விலை ஏறி இறங்கும்போது இதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஊருக்குள் போட்டுப் பார்ப்போம். மணிக்கூட்டுக் கோபுரப் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் ஒரு வீடு. போக, வர நான்கு கிலோமீற்றர்; பெற்றோல் 27 ரூபாய். ஐம்பதைச் சேர்த்தால் 77. ஒரு 50 ரூபாய்த் தாள் கொடுத்தால் குறை சொல்ல முடியாது, 100 கொடுத்தால் மனநிறைவு.

உப்புவெளிக்கு ஐந்து கிலோமீற்றர் என்று வைத்தால் போக, வர பத்து. பெற்றோல் 67, மொத்தம் 117. இங்கே 100 சரி, 150 நல்லது. நிலாவெளி 15 கிலோமீற்றரை ஒட்டி வரும். போக, வர முப்பது, பெற்றோலே 200 ரூபாய். 250க்குக் கீழே யோசிக்காதீர்கள். சீனக்குடா வேறு பக்கம், ஆனால் தூரம் இந்த இரண்டுக்கும் நடுவில்; நானாக இருந்தால் 200 கொடுப்பேன்.

உவர்மலைக்குத் தூரம் குறைவு, ஏற்றம் அதிகம். பின்னால் பெட்டியும் இருந்தால் சின்ன கியரில்தான் ஏற வேண்டும். அதற்குப் பெற்றோலும் கூடுதலாகப் போகும். அதனால் தூரக் கணக்கை அங்கே பார்க்காமல் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைத் தம்பி என்றால் பெற்றோலைக் கழித்துவிடலாம். நகருக்குள் 50, வெளியே 100.

5. மேலதிகமாக எப்போது, எவ்வளவு

மழைக்கு ஒரு 100 கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இங்கே பெய்கிற மழையில் ரெயின்கோட் அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. சாப்பாட்டுப் பெட்டியை நனையாமல் கொண்டு வருபவர் தான் நனைந்துதான் வருகிறார். வெள்ளம் நிற்கிற ஒழுங்கையில் குழி எது, பாதை எது என்று தெரியாமல் காலை ஊன்றிக்கொண்டு வர வேண்டும்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மதியம் ஒரு மணிக்கு வண்டியின் சீற்றில் கை வைக்க முடியாது. திறந்த வெளியில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். அப்போது 50 கூட்டிக் கொடுத்து ஒரு குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலும் கொடுங்கள். அந்த நேரத்தில் எனக்குத் தண்ணீர் தந்த வீடுகளை இன்றைக்கும் பெயர் சொல்லி ஞாபகம் வைத்திருக்கிறேன்.

இரவு பத்து மணிக்குப் பிறகும் 50 கூட்டலாம். கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் மான்கள் குறுக்கே வரும். நகருக்கு வெளியே கட்டாக்காலி மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். மெதுவாக வருகிறார் என்று எரிச்சல்படாதீர்கள். அப்படித்தான் வர வேண்டும்.

மாடிக்கு ஏறி வரச் சொன்னால் அதற்கும் தனியாகக் கொடுங்கள். அவர் வண்டியைப் பூட்டி, மற்றச் சாப்பாட்டுப் பெட்டிகளை வீதியில் விட்டுவிட்டு ஏறுகிறார். கீழே இறங்கி வர முடியுமென்றால் இறங்கி வருவது இன்னும் நல்லது.

6. செயலியிலா, கையிலா?

கையில் கொடுங்கள். அன்றைக்கே பெற்றோல் அடிக்கப் பயன்படும் என்பது முதல் காரணம். செயலி வழியாகப் போடுகிற காசு அவருடைய கணக்கில் சேர்ந்து கைக்கு வரக் கொஞ்ச நாளாகும். கார்டில் கட்டிவிட்டு வீட்டில் தாளே இல்லையென்றால் மட்டும் செயலியில் போடுங்கள். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

காசு கொடுத்து வாங்கும் ஓடரில் ஒரு முக்கியமான விசயம் இருக்கிறது. அவர் வாங்குகிற பில் காசு அவருடையது இல்லை. கணக்குக் காட்ட வேண்டியது. அதனால் பில் காசு வேறு, ரிப்ஸ் வேறு என்று பிரித்துக் கொடுங்கள். முதலில் பில்லுக்கான தாள்களை எண்ணிக் கொடுத்து, அவர் எண்ணி முடித்த பிறகு ரிப்ஸைக் கொடுங்கள்.

1,870 ரூபாய் பில்லுக்கு 2,000 கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பவர்கள் உண்டு. மிச்சம் வேண்டுமா, அவருக்கா? அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே உங்கள் முகத்தைப் பார்ப்பார். கேட்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. "மிச்சத்தை நீங்க வைச்சிருங்கோ தம்பி" என்று தாளை நீட்டும்போதே சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடம் இல்லை.

7. கேற்றடியில்

போன் அடித்தவுடன் புறப்பட்டு வாருங்கள். கையில் தாள்கள் தயாராக இருக்கட்டும். நாய் இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். "கடிக்காது" என்று நீங்கள் சொல்வது நாய்க்குத் தெரியாது.

சாப்பாட்டை வாங்கி, பார்சல் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பிறகு காசு. இந்த வரிசைக்குக் காரணம், ஒன்று குறைந்திருந்தால் அவர் அங்கேயே கடைக்குப் போன் எடுக்கலாம். அவர் திரும்பிப் போன பிறகு கண்டால் அலைச்சல் இரட்டிப்பு.

வயதில் சின்னவர் என்றால் தம்பி, மூத்தவர் என்றால் அண்ணா. ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் இப்போது ஓடுகிறார்கள். அவர்களை "டெலிவரி" என்று கூப்பிடுகிற பிள்ளைகளைத் தயவுசெய்து திருத்துங்கள். தாளைச் சுருட்டிக் கைக்குள் திணிக்க வேண்டாம், பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கவும் வேண்டாம். சாதாரணமாக நீட்டி "இது உங்களுக்கு" என்று சொன்னால் போதும். வேண்டாம் என்று ஒருமுறை மறுப்பார்கள். இன்னொரு முறை சொல்லுங்கள், வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது முறையும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

8. தாமதம், சிந்தியது, ஆறியது: குறைக்கலாமா?

யாருடைய பிழை என்று பார்க்காமல் குறைக்கக் கூடாது. தாமதங்களில் பெரும்பாலானவை கடை அடுப்படியில் நடப்பவை. வெள்ளிக்கிழமை இரவு கொத்துக் கல்லுக்கு முன்னால் பத்துப் பேரோடு நின்று காத்திருந்துவிட்டு வருகிறவரை, தாமதத்துக்காக நாமும் தண்டித்தால் அவருக்கு இரண்டு பக்கமும் அடி. காத்திருந்த நேரத்துக்கு அவருக்குக் காசும் இல்லை.

சொதி சிந்தியிருந்தால் பையைத் திறந்து பாருங்கள். முடிச்சு அவிழ்ந்திருந்தால் கட்டியவர் பிழை. முடிச்சு சரியாக இருந்து பை நசுங்கிக் கிழிந்திருந்தால் வண்டியில் வைத்தவர் பிழை. முதலாவதில் கடைக்குச் சொல்லுங்கள், ரிப்ஸைத் தொடாதீர்கள். இரண்டாவதில் நான் பாதியாகக் குறைத்து, ஏன் என்பதையும் முகத்துக்கு நேரே அமைதியாகச் சொல்லுவேன். காரணம் சொல்லாமல் குறைத்தால் அடுத்த முறையும் அப்படியே வைத்துக்கொண்டு வருவார்.

ஒன்றுமே கொடுக்கத் தேவையில்லாத நேரமும் இருக்கிறது. மரியாதையில்லாமல் பேசினால், பில்லுக்கு மேல் தானாகவே எடுத்துக்கொண்டால், வீட்டுப் பிள்ளைகளிடம் தேவையில்லாத கதை கேட்டால் கொடுக்க வேண்டாம். கடைக்கோ செயலிக்கோ முறைப்பாடும் செய்யுங்கள்.

9. பெரிய ஓடர்

அலுவலகத்துக்கு இருபது பார்சல், பிறந்தநாளுக்கு கேக், வீட்டுச் சடங்குக்குச் சோற்றுச் சட்டி. இங்கே மட்டும் அளவும் கணக்கில் வரும், ஏனென்றால் பாரம் மாறுகிறது. மோட்டார் சைக்கிளில் இருபது பார்சல் கொண்டு வருவது வேறு வேலை. நாலாம் படியில் வந்த தொகையை இரட்டிப்பாக்குங்கள். கேக் என்றால் ஒவ்வொரு குழியிலும் பிரேக் பிடித்துத்தான் வருவார், அதற்கும் இரட்டிப்பு.

எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு 20 ரூபாய் சேர்க்கிறோம். பன்னிரண்டு பேர் சாப்பிட்டால் 240 ரூபாய் ஆகிறது, யாருக்கும் பாரம் தெரிவதில்லை. சாப்பிட்ட பிறகு சேர்த்தால் சேராது. சாப்பாட்டுக் காசு வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

10. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சொந்தங்களுக்கு

கனடாவிலும் அமெரிக்காவிலும் பில்லில் 15, 20 சதவீதம் என்று கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் அதையே கேட்பார்கள். சின்ன பில்லுக்கு அந்தக் கணக்கில் கொடுத்தாலும் பிழையில்லை, நிலாவெளிக்கு மட்டும் அது போதாது. 1,000 ரூபாய் கொத்துக்கு 15 சதவீதம் 150 ரூபாய், பெற்றோலுக்கே காணாது.

வெளிநாட்டுச் சில்லறைக் குற்றிகளைக் கொடுக்காதீர்கள். காசு மாற்றும் கடைகளில் தாளைத்தான் வாங்குவார்கள், குற்றியை வாங்குவதில்லை. எனக்குக் கிடைத்த யூரோக் குற்றிகள் இப்போதும் மேசை லாச்சியில் கிடக்கின்றன.

கடற்கரை ஹோட்டலில் தங்கியிருந்தால், ஓடர் போட்டவுடன் வாசல் காவலாளியிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் சாப்பாடு கொண்டு வருபவரை உள்ளே விடாமல் நிறுத்திவைப்பார்கள், நீங்கள் போனை அறையில் விட்டுவிட்டுக் கடலில் குளித்துக்கொண்டிருப்பீர்கள். ரிப்ஸைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். நீங்களே அவர் கையில் கொடுங்கள்.

11. கையில் காசில்லாத நாளில்

மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் இது நடக்கும். அதற்காக ஓடர் போடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போன் வந்ததும் கேற்றுக்கு வந்து நில்லுங்கள், பில் காசைச் சில்லறையோடு சரியாகக் கொடுங்கள், அவரைக் காக்க வைக்காமல் அனுப்புங்கள். ஐந்து நிமிடம் மிச்சமானாலே அது காசுதான். செயலியில் வந்திருந்தால் முழு நட்சத்திரம் போட மறக்காதீர்கள். சாப்பாட்டில் உப்புக் குறைந்ததற்கு ஓட்டுபவரின் நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டாம், கடைக்குத் தனியாகப் போடுங்கள்.

நோன்பு மாதத்தில் மாலை ஆறு மணியை ஒட்டி ஓடர் போடுகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். வருகிறவர் நோன்பு பிடித்தவராக இருந்தால் வீதியில்தான் நோன்பு திறக்க வேண்டி வரும். இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பையில் போட்டு, தாள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள்.